இன்னொருக்காக் கேளும்

ஃபாரஸ்ட் கேட்,
12 ஜனவரி 2025

அன்புள்ள மெற்றில்டா அக்கா,

புது வருட வாழ்த்துப் பிந்தி வருவதற்குக் குறை நினைக்க வேண்டாம். போனில் சொல்லத்தான் பார்த்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல நிறத்தில் இரண்டு சரி விழுந்தது, பதில் விழவில்லை. அந்த நீலச் சரியைப் பார்த்துப் பார்த்துக் கோபப்படுவதை விடக் கடிதம் நல்லது என்று தோன்றியது. இதை வாசித்தீர்களா, அடுப்பில் போட்டீர்களா என்று எனக்குத் தெரிய வராது.

நோர்பரியில் புது வீடு எப்படி? சூசைதாசன் அண்ணைக்கு வேலையிடம் இப்போது கிட்டவாமே. தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனவர்கள் இந்தப் பக்கத்தில் இருப்பவர்களை மறந்துவிடுவார்கள் என்று இங்கே கடைக்குக் கடை பேச்சு. நான் நம்பவில்லை என்று எழுதத்தான் ஆசை.

காரியத்துக்கு வருகிறேன். நாங்கள் இருவரும் சேர்ந்து சீனர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த மண்டபத்துக்கான உதவிப் பணம் ஈஸ்டரோடு நிற்கிறது. அதற்குப் பிறகு வகுப்பைத் தன்னுடைய வகுப்பாக எடுத்துக்கொள்ள ஒரு கல்லூரி யோசிக்கிறது. எடுத்தால் வகுப்பு நிலைக்கும். இவ்வளவு காலமும் பகலில் கடையில் நின்றுவிட்டு மாலையில் மட்டும் ரீச்சராக இருந்த நானும் முழு ரீச்சர் ஆவேன். எடுக்காவிட்டால் இரண்டும் இல்லை. இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வேறு யாருக்கென்றாலும் விளக்க வேண்டும், உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

முதலில் அவர்கள் கேட்டிருப்பது ஒரு சின்னக் கைநூல். சீன மாணவர்களுக்காக ‘கெற்’ என்ற ஆங்கில வினைச்சொல்லின் அர்த்தங்களும் அதைப் பாவிக்கும் விதமும். ஏன்தான் அந்தச் சொல்லைத் தெரிந்தெடுத்தார்களோ! சீன அகராதியில் அதற்கு முதல் அர்த்தம் ‘பெறு’. அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆட்கள் படும் பாடு பெரும்பாடு. மிஸஸ் லாவ் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டு இருக்கும்போது வாசல் மணி அடித்ததாம். அந்த மனிதர் ‘கதவை நான் கெற் பண்ணுறன்’ என்று திறக்க எழும்பிப் போக, மிஸஸ் லாவ் அவர் கதவு வாங்கப் போகிறார் என்று நினைத்தாராம். களைத்தாலும் கெற், வீடு போய்ச் சேர்ந்தாலும் கெற், பஸ் பிடித்தாலும் கெற், பகிடி விளங்கினாலும் கெற். போன கிழமை சென் எழும்பி நின்று, "ரீச்சர், இந்தச் சொல்லுக்குச் சொந்த வேலை ஒண்டும் இல்லை. எல்லாற்றை வேலையையும் இதுதான் செய்யுது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நான் ஓர் அட்டவணை போட்டேன். ஐந்து நிரல். கரும்பலகையில் இரண்டாவது நிரலுக்கு வரும்போதே வகுப்பு முழுவதும் கொட்டாவி. நீங்கள் இந்தச் சொல்லுக்கு வரைந்த படங்கள் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன. பஸ்ஸுக்குப் பின்னால் ஓடும் பெண், மழையில் நனைந்து நிற்கும் பாதர், எல்லாம். அவற்றைக் கைநூலில் சேர்க்க உங்கள் அனுமதி வேண்டும். கேட்காமல் எடுத்தேன் என்று பிறகு ஒரு கதை வரக்கூடாது.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
அஜந்தா


நோர்பரி,
19 ஜனவரி 2025

அஜந்தாவுக்கு,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. இங்கே இருப்பது மின்சார அடுப்பு, போட்டாலும் எரியாது.

அனுமதி கேட்டிருக்கிறீர். மெத்தப் பெரிய உபகாரம். இத்தனை வருடம் ஒரே கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்துக் குடித்த ஆள், கோர்ட்டுக்காரர் மாதிரி என்னிடம் அனுமதி கேட்கிறீர்! எடும். எல்லாப் படத்தையும் எடும். ஆனால் மழையில் நனைந்து நிற்பது பாதர் இல்லை, அது நீர்தான். குடையை மறந்து வந்து சொட்டச் சொட்ட நின்ற அன்று வரைந்தது. மூக்கைப் பார்த்தாவது விளங்கியிருக்க வேண்டும்.

அட்டவணையாம், ஐந்து நிரலாம். சொல்லைப் பிடித்து மறியலில் அடைத்துப் பூட்டினால் அது வாய் திறக்குமா? ‘கெற்’ கையாலும் காலாலும் படிப்பிக்கிற சொல். நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பாரும். கேத்திலை ஒரு மூலையில் வைத்தேன், கப்பை மற்ற மூலையில், பிஸ்கட்டை ஜன்னலில். அதை கெற் பண்ணும், இதை கெற் பண்ணும் என்று வகுப்பையே ஓட விட்டேன். ஓடி முடிய எல்லோருக்கும் களைப்பு. களைத்துப்போன ஆளிடம் ‘கெற் ரயேர்ட்’ என்று சொன்னால் அவர் அகராதியைத் தேடமாட்டார். அதற்குள் வீட்டுக்குப் போகிற நேரம் வந்துவிடும், அது ‘கெற் ஹோம்’. நீர் ‘கான் ஐ கெற் யூ எ ரீ’ என்பதிலிருந்து தொடங்கும். உங்களுக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவரட்டா என்று ஆளை ஆள் கேட்கட்டும். குடிக்கிற சொல் மறக்காது.

நான் இங்கே சுகமாய் இருக்கிறேன். மிகவும் சுகம். இந்தப் பக்கத்திலும் தமிழ்க்கடை இருக்கிறது, முருங்கைக்காய் வருகிறது, கோயிலில் ஞாயிறு பூசை முடிய எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றுகிற பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். வாய் வலிக்கப் படிப்பிக்கத்தான் ஆள் இல்லை. அதனால் சூசைதாசனைப் பிடித்து வைத்துப் படிப்பிக்கிறேன். முந்தநாள் மனுசன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு இருக்க, "சொல்லுங்கோ பாப்பம், நீங்கள் இப்ப என்ன கெற்?" என்று கேட்டேன். "ஹங்க்ரி" என்றார். முழுப் புள்ளி போட்டேன். சோறு பிந்தித்தான் கிடைத்தது.

கிறிஸ்மஸ் விருந்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதப்போவதில்லை. தூரம் போனாலும் வகுப்புக்குத் தொடர்ந்து வருவீர்களா என்று நீர் கேட்டீர். "ஐயோ வேண்டாம் அஜந்தா" என்றேன். "சரி அக்கா" என்று சொல்லிவிட்டு நீர் கேக் வெட்டப் போனீர். பிரியாவிடை அட்டையும் தயாராக இருந்தது, வகுப்பு முழுவதும் கையெழுத்துப் போட்டு, மினுமினுக்கிற பூவும் ஒட்டி. கேக் நல்லாய்த்தான் இருந்தது. எழுதப்போவதில்லை என்றேன், எழுதவில்லை.

மெற்றில்டா


ஃபாரஸ்ட் கேட்,
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

படங்களுக்கு நன்றி. என் மூக்கு அப்படி இல்லை.

நீங்கள் எழுதப்போவதில்லை என்று எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் என்ன பிழை செய்தேன் என்று இன்னும் பிடிபடவில்லை. கேட்டேன், வேண்டாம் என்றீர்கள். கடையில் நின்று இந்த நாட்டில் நான் பழகிய முதல் பாடமே, ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்குப் பிறகும் பிடித்து இழுப்பது மரியாதை இல்லை. ரயில் மாறி மாறிக் குளிரில் வீடு போய்ச் சேர வேண்டிய உங்களை நான் எந்த வாயால் வற்புறுத்துவது? உங்கள் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்தேன். அதற்குப் பேசாமல் இருப்பதா? எனக்கும் கோபம் வரும் அக்கா. நான் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை வாங்கியது சென். "போற ஆளுக்குக் கையில ஒண்டும் குடுக்காமல் விடக் கூடாது. அவ நிண்டா, அட்டையைக் கிழிப்பம்" என்றார். கிழிக்கத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

இனிச் சந்தோஷமான விஷயம். நீங்கள் சொன்னபடி தேத்தண்ணியிலிருந்து தொடங்கினேன். ஆளை ஆள் பார்த்து இருத்தி, ஒருவர் ‘கான் ஐ கெற் யூ எ ரீ’ என்று கேட்க, மற்றவர் பதில் சொல்ல வேண்டும். என்ன அழகாய்ப் பேசினார்கள் தெரியுமா! சென் கேட்டார். மிஸஸ் லாவ், ‘இல்லை இல்லை, உங்களுக்கேன் கரைச்சல்’ என்றார். சென் இன்னொருமுறை கேட்டார். ‘இப்பதான் குடித்துவிட்டு வந்தேன்’ என்றார் மிஸஸ் லாவ். ‘கொஞ்சமாய்?’ ‘சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால் அரைக் கப்.’ எல்லாம் ஆங்கிலத்தில், சுத்தமாய். மற்றவர்களும் அப்படியே. வேண்டாம் வேண்டாம் என்று ஆளுக்காள் கையை ஆட்டி, பாதிப்பேர் அரைக் கப் வரைக்கும் வந்து சேரவே இல்லை. ஊற்ற முன்னமே வகுப்பு முடிந்தது, கேத்தில் ஆறியது, ஒருவர் வாயிலும் தேத்தண்ணி படவில்லை. எவ்வளவு மரியாதையான மனிதர்கள் என்று நான் பூரித்துப்போய் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த கிழமை சென் வேலை செய்யும் கஃபேயிலிருந்து மனேஜர் எனக்குப் போன் எடுத்தார். ஒரு வாடிக்கையாளர் முறைப்பாடு செய்தாராம். கோப்பி மட்டும் கேட்ட மனிதரிடம் சென், கேக் ஒன்று கெற் பண்ணட்டா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றாராம். இன்னொருமுறை கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றாராம். சென் தலையைச் சரித்து, மெல்லிய குரலில், ஒரு சின்னத் துண்டு என்றாராம். அந்த மனிதர் பயந்துபோய் கோப்பியையும் விட்டுவிட்டு வெளியே போய்விட்டாராம். ஏன் இப்படிச் செய்தாய் என்று மனேஜர் கேட்டதற்கு, "என்ரை ரீச்சர் அப்படித்தான் படிப்பிச்சவ" என்றாராம் நம்முடைய ஆள். நான் என்ன படிப்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை அக்கா. யோசித்து யோசித்துத் தலையிடி.

இந்த நிலைமையில் வரப்போகிறது பரிசோதனை. கைநூலின் முதல் பக்கங்கள் கல்லூரிக்குப் பிடித்துவிட்டன. மார்ச் 13ஆம் திகதி ஹெலன் என்ற பெண் வந்து என் வகுப்பில் இருந்து பார்ப்பார். ஆனால் ஒரு ரீச்சரை மட்டும் நம்பி வகுப்பை எடுக்கமாட்டார்களாம். இரண்டு பேர் வேண்டும், மார்ச் முடிவதற்குள் இரண்டாவது ஆளின் பெயரைக் கொடுக்க வேண்டும். விளம்பரம் போட்டாயிற்று. உங்களைக் கேட்கவில்லை. நீங்கள்தான் சொல்லிவிட்டீர்களே.

அஜந்தா


நோர்பரி,
16 பெப்ரவரி 2025

அடி விசரி அஜந்தா,

உமது கடிதத்தை வாசித்துச் சிரித்த சிரிப்பில் சூசைதாசன் குளியலறையிலிருந்து தலையில் நுரையோடு ஓடி வந்தார், எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று. சின்னத் துண்டு! அந்த வெள்ளைக்காரன் இனி வாழ்நாளில் கேக் பக்கமே போகமாட்டான்.

உமக்கு இன்னும் விளங்கவில்லையா? விளங்காது. எப்படி விளங்கும்? நீரும் யாழ்ப்பாணம், அவர்களும் சீனம். எங்கள் வீடுகளில் ஒருவர் வந்தால் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்போம். வந்தவர் வேண்டாம் என்பார். உடனே நாங்கள் சரி என்று இருந்துவிடுவோமா? அப்படி இருந்தால் அந்தச் சனம் படலை தாண்ட முன்னமே எங்கள் வண்டவாளத்தைச் சொல்லத் தொடங்கிவிடும். இன்னொருக்காக் கேட்போம். அப்போதும் வேண்டாம் என்பார். பிறகு கேட்காமலே ஊற்றிக் கொண்டுவந்து முன்னால் வைப்போம், அவரும் ஒரு சொட்டு விடாமல் குடிப்பார். சீனர்களிடமும் இதே வழக்கம்தான். முதல் தரம் ஓம் என்றால் காய்ந்துபோய் வந்தவன் என்று நினைப்பார்கள். ஆகவே வகுப்பில் எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட, பார்த்துக்கொண்டு நின்ற உமக்கு அதில் ஒரு புதினமும் தெரியவில்லை. வேறு யாராவது ரீச்சர் நின்றிருந்தால் முதல் ‘வேண்டாம்’ வந்தவுடனேயே கையைத் தட்டி நிறுத்தியிருப்பார். சீனருக்கு எங்கள் வீட்டுப் பழக்கத்தை ஆங்கிலத்தில் படிப்பித்த ஒரே ஆள் இந்த லண்டனில் நீராகத்தான் இருப்பீர்.

எனக்கும் நடந்தது. பிளேஸ்டோவில் வந்து இறங்கிய புதிதில் மேல்மாடி வெள்ளைக்காரப் பெண்மணி என்னைக் கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். "நோ, நோ" என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மனிசி தனக்கு மட்டும் ஊற்றி, எனக்கு முன்னால் இருந்து கேக்கும் சாப்பிட்டு முடித்தது. நாக்கு வறண்டு கீழே வந்து, இந்தச் சனத்துக்கு ஈவிரக்கமே இல்லை என்று அன்று முழுவதும் திட்டினேன். அவர் என்னை மதித்துத்தான் அப்படிச் செய்தார் என்பது எவ்வளவோ காலத்துக்குப் பிறகுதான் உறைத்தது.

அதனால் ஹெலன் வருவதற்கு முன் உம்முடைய ஆட்களுக்கு இதைச் சொல்லிக் கொடும். வேண்டுமென்றால் முதல் தரமே ‘யெஸ், ப்ளீஸ்’. வேண்டாமென்றால் ஒரே ஒரு தரம் ‘நோ, தாங்ஸ்’, அதற்குப் பிறகு கேட்டவர் வாயை மூட வேண்டும். அகராதியில் இது இருக்காது, கைநூலில் போடும்.

இனி ஒரு விஷயம். சிரித்து முடிய எனக்கு அழுகை வந்தது. கடையில் நின்று பழகினேன், வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று எழுதியிருந்தீரே. கடையில் நிற்கும்போது சரி. நான் என்ன கோப்பி வாங்க வந்த ஆளா? உம்மோடு இவ்வளவு காலம் ஒன்றாய் நின்றவள். ஐயோ வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று உமக்குத் தெரியாதா? இன்னொருக்காக் கேட்டிருந்தால் தூரம் என்று ஒரு முறை முனகியிருப்பேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நீர் கேட்கவில்லை. என்னை விட்டால் போதும் என்று நினைத்தீர் போல என்று எண்ணி, ரயிலில் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நோர்பரி வரைக்கும் அழுதேன்.

விளம்பரத்துக்கு நல்ல ஆளாகக் கிடைக்கட்டும். மாதா உமக்குத் துணை இருப்பா.

மெற்றில்டா


ஃபாரஸ்ட் கேட்,
14 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

இவ்வளவு நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. ஹெலன் வந்து போகட்டும், நல்லதோ கெட்டதோ ஒன்றாய் எழுதுவோம் என்று பொறுத்துக்கொண்டு இருந்தேன். நேற்று வந்தார். இன்று காலை கடைக்குப் போக முன் எழுதுகிறேன், கையெழுத்து ஓடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னதை அடுத்த வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தேன். அம்மா, என்ன பாடு! ‘யெஸ், ப்ளீஸ்’ என்ற இரண்டு சொல் அவர்கள் வாயில் வரவே மறுக்கிறது. வெட்கம். மிஸஸ் லாவ் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். சென் ‘யெஸ்’ என்று தொடங்கி, இருமி, கடைசியில் ‘நோ’ என்று முடித்தார். இப்படிக் கேட்டவுடன் ஓம் என்றால் செத்துப்போன தகப்பன் எழும்பி வந்து ஏசுவார் என்றார். நான் அவர்களுக்குப் பாடம் காட்டுவதற்காக முதல் ஆளாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை அக்கா. ‘யெஸ், ஆனால் உங்களுக்குக் கரைச்சல் இல்லையென்றால்’ என்று வந்தது. வகுப்பே விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் நாங்கள் எல்லோரும் வெட்கத்தை விடப் பயிற்சி எடுத்தோம்.

நேற்று ஹெலன் கதவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடும் பெண்ணின் படத்தோடு தொடங்கி, மழைக்கு வந்து, பிறகு கேத்திலுக்கு வந்தேன். சென் மிஸஸ் லாவைப் பார்த்து, ‘கான் ஐ கெற் யூ எ ரீ?’ என்றார். மிஸஸ் லாவ் மூச்சை இழுத்து, நிமிர்ந்து இருந்து, ‘யெஸ், ப்ளீஸ்!’ என்றார், பெரிய சத்தமாய். எல்லோரும் எழும்பிக் கை தட்டினார்கள். ஒரு கப் தேத்தண்ணிக்கு இப்படிக் கை தட்டிய வகுப்பை ஹெலன் வேறு எங்கும் பார்த்திருக்கமாட்டார்.

அதோடு நின்றிருந்தால் சரி. விருந்தாளி ஒருவர் சும்மா இருக்க எங்கள் ஆட்களுக்கு மனம் கேட்குமா? மிஸஸ் லாவே எழும்பிப் போய் ஹெலனிடம் கேட்டார். ஹெலன் சிரித்துக்கொண்டு, ‘நோ, தாங்ஸ், ஐயாம் ஃபைன்’ என்றார். அக்கா, அப்போது நீங்கள் அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு விருந்தாளி வேண்டாம் என்கிறார், இன்னொருக்காக் கேட்கக் கூடாது! மிஸஸ் லாவ் திறந்த வாயை மூடி, திரும்ப வந்து இருந்தார். சென் தன் கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். ஒருவரும் தங்கள் கப்பைத் தொடவில்லை. வகுப்புக்கு வந்தவர் வெறும் வாயோடு இருக்கிறாரே என்று என் கால் தானாகவே கேத்தில் பக்கம் போனது, நான் அதை இழுத்துப் பிடித்தேன். ஹெலன் எங்களை ஒவ்வொருவராய்ப் பார்த்தார். "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

மிஸஸ் லாவ்தான் சொன்னார். மெல்ல, ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைத்து, ஆனால் பிழை இல்லாமல். எங்கள் வீட்டில் மூன்று தரம் கேட்போம், உங்கள் வீட்டில் ஒரு தரம், இன்று உங்கள் விதிப்படி நடக்கிறோம், அதனால் எங்களுக்கு உள்ளே நோகிறது என்றார். ஹெலனுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. அப்படியென்றால் என்னை உங்கள் விதிப்படி கேளுங்கள் என்றார். அவ்வளவுதான், எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பால் விட்டு, பால் விடாமல், மிஸஸ் லாவ் கொண்டுவந்த எள்ளுருண்டை, நான் கொண்டுபோன பற்றிஸ். ஹெலன் வேண்டாம் வேண்டாம் என்று வடிவாக நடித்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் சாப்பிட்டார். போகும்போது, நான் பார்த்த வகுப்புகளில் மாணவர்கள் வந்த ஆளுக்காக இப்படிக் கவலைப்பட்ட வகுப்பு இது ஒன்றுதான் என்றார். என் பக்கம் சரியாம். இனி இரண்டாவது ரீச்சரின் பெயர்தான் வேண்டுமாம்.

விளம்பரத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு மாலையில் ஏலாது. மற்றவர் வகுப்பில் கேத்தில் வைத்திருப்பது ஆபத்து என்றார். ஆகவே நான் இப்போது ஒன்று செய்யப்போகிறேன். முன்னமே செய்திருக்க வேண்டியது.

கல்லூரிக்கு இரண்டாவது ரீச்சர் வேண்டும். கையாலும் காலாலும் ‘கெற்’ படிப்பிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். வகுப்புக்கு வருவீர்களா?

வேண்டாம் என்கிறீர்கள், தூரம் என்கிறீர்கள், கேட்கிறது. வகுப்பு உங்களைத் தேடுகிறது. நீங்கள் வரைந்த படத்தைக் கரும்பலகையில் ஒட்டும்போதெல்லாம் மிஸஸ் லாவ், ‘மிஸ் மெற்றில்டா எப்ப கெற் பாக்?’ என்று கேட்கிறார். எப்போது திரும்பி வருவீர்கள் என்பதுதான். வசனம் பிழை, ஆனால் நான் திருத்தவில்லை. வருவீர்களா?

இது மூன்றாவது. இதில் கல்லூரியும் இல்லை, வகுப்பும் இல்லை. நீங்கள் இல்லாமல் எனக்குச் சரியில்லை அக்கா. வகுப்பு முடிந்து கப் கழுவும்போது பக்கத்தில் யாரும் என் அட்டவணையை நக்கல் அடிப்பதில்லை. உங்களை விட்டால் போதும் என்று நான் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. கெஞ்சினால் உங்களுக்குக் கரைச்சல் என்று நினைத்தேன். இப்போது கெஞ்சுகிறேன். வாங்கோ.

அஜந்தா


நோர்பரி,
15 மார்ச் 2025, சனிக்கிழமை

அன்புள்ள அஜந்தா,

உம்மிடமிருந்து ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. முந்தநாள் ஹெலன் வந்தபோது நீர் என்ன செய்தீரோ, ஒன்றும் தெரியாது. நான் எழுதியது உம்மைச் சுட்டுவிட்டது போல என்று மனம் கிடந்து அடிக்கிறது. அதனால் நானே முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

உமக்குப் புத்தி சொல்லிக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து யோசித்தேன். சீனர்களுக்கு முதல் தரமே ஓம் சொல்லப் படிப்பியும் என்று பெரிய ஆள் மாதிரி எழுதினேன். நானோ இங்கே இருந்துகொண்டு, அஜந்தா இன்னொருக்காக் கேட்கட்டும், பிறகு பார்ப்போம் என்று வீறாப்போடு சூசைதாசனுக்கு வினைச்சொல் படிப்பித்துக்கொண்டு இருக்கிறேன். நேற்று அந்த மனுசன் கையெடுத்துக் கும்பிட்டார். "நீர் அங்க போய்ப் படிப்பியும். என்னாலை இனி கெற் பண்ண ஏலாது" என்றார். இருபது வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி இது.

நேற்று மத்தியானம் நானே கல்லூரிக்குப் போன் எடுத்தேன். விளம்பரத்தைப் பார்த்தேன் என்று சொன்னேன். முன்னர் உம்மோடு மண்டபத்தில் படிப்பித்தவள் என்றேன். ஹெலனே வந்து பேசினார். பெயரைச் சொன்னதும், பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிற பெண்ணை வரைந்தவரா என்று கேட்டார். செவ்வாயும் வியாழனும் வருவீர்களா என்றார். அஜந்தா, என் வாய் பழக்கத்தில் ‘நோ’ என்று திறந்தது. சூசைதாசன் முன்னால் நின்று கையைக் காலை ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ‘யெஸ், ப்ளீஸ்’ என்றேன். சொல்லி முடிய, இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம்!

நீர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. நான் வருகிறேன். உமக்கு விருப்பமில்லை என்றால் எழுதும். அப்படி எழுதினாலும் வருவேன், பெயர் கொடுத்தாயிற்று.

மெற்றில்டா

17 மார்ச், திங்கள்

உறையை மூடி முத்திரையும் ஒட்டிவிட்டேன். தபால்பெட்டிக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்க, உமது கடிதம் கால்மிதியில் கிடக்கிறது. அங்கேயே படியில் இருந்து வாசித்தேன். பிறகு உள்ளே வந்து உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன்.

ஹெலனைப் பற்றிய பகுதியைச் சூசைதாசனுக்குச் சத்தமாய் வாசித்துக் காட்டினேன். முதலாம் தரம் கேட்டதையும் இரண்டாம் தரம் கேட்டதையும் காட்டினேன். மூன்றாவதைக் காட்டவில்லை. அது எனக்கு வந்தது. அவசரப்பட்டு முன்னமே ஓம் சொல்லிவிட்டேனே, இரண்டு மூன்று நாள் பொறுத்திருந்தால் மூன்று தரம் கெஞ்ச வைத்து வந்திருக்கலாமே என்று ஒரு நிமிடம் எரிச்சலும் வந்தது. பிறகு பார்த்தால், நீர் கேட்டதும் நான் ஓம் சொன்னதும் ஒரே வெள்ளிக்கிழமையில்தான். கேட்காமலே சொல்லியிருக்கிறேன் என்பது இப்போது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருக்கிறது, உமக்கும் இருக்கும்.

உம்முடைய மூன்றாவதற்குப் பதில்: எனக்கும் அப்படித்தான் அஜந்தா. இங்கே கப் கழுவும்போது நானும் தனியாகத்தான் நிற்கிறேன்.

நாளைக்குச் செவ்வாய். இதை இப்போது தபாலில் போட்டால் கடிதத்துக்கு முன் நான் வந்து சேர்ந்துவிடுவேன். அதனால் போடவில்லை. கையிலேயே கொண்டு வருகிறேன். மண்டப வாசலில் நின்று நீர் எனக்கு முன்னால் இதை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டும். அப்போது உமது முகம் எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

மெற்றில்டா